பேட்டரிக்குக் காட்டிய கற்பூரம்

உன்னை எப்படி விளித்துத் தொடங்குவது என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். பெயரைச் சொல்லி எழுதினால், அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி மண்டோர் பேர் கூப்பிட்டது போல இருக்கிறது. 'அன்புள்ள' என்று போட்டால் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சரி, விளி இல்லாமலே எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் ஏதாவது வாயில் வந்தால் வரட்டும்.

நேற்றுக் காலை மகனோடு ரஹாங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனேன். அவனுடைய காரின் பேட்டரி படுத்துவிட்டது. கிழவி வெயிலில் நிற்கக்கூடாதென்று எனக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் அந்த வாடை வந்தது. மூக்கில் ஏறித் தொண்டையில் கரகரவென்று பிடிக்கும் அந்தப் புளிப்பு வாடை உனக்குத் தெரியாததா? திரும்பிப் பார்த்தேன். மூலையில் நாலு பேட்டரிகளை வரிசையாக வைத்து, மூடிகளைத் திறந்து, சார்ஜ் போட்டிருந்தார்கள். உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. பட்டறை முதலாளி, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், வாயில் புகைகிற சிகரெட்டோடு வந்து அதன்மேல் குனிந்தார்.

நான் கத்தினேன். யாரோ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார்கள். மகனுக்கு வெட்கத்தில் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முதலாளி பயந்துபோய் வெளியே ஓடி, சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு வந்து, "பாட்டிக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கெங்க தெரியும்? தெரிஞ்சவள் போன மாசம் போய்ச் சேந்திட்டாள்" என்றேன். மீதியை உன்னிடம்தான் சொல்லவேண்டும். அதுதான் இந்தக் கடிதம்.

நாம் சந்தித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாயாவில், ரெம்பாவுக்கு அப்பால் அந்த ரப்பர்த் தோட்டத்தில் நான், ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணியின் பெண்டாட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புப் படிப்பு, ஆறு பட்டுச்சீலை, அவற்றைவிடக் கனமான தலைக்கனம், இவ்வளவும் என்னிடம் இருந்தன. எங்கள் வீட்டில் ஒரு ரேடியோவும் இருந்தது. மின்சாரம் இல்லாத வீடு என்பதால் இவர் கார் பேட்டரியில் ஓடும் ரேடியோவாகப் பார்த்து வாங்கியிருந்தார். திருகியதும் முதலில் உள்ளே ஒரு வண்டு ரீங்கரிக்கும், பிறகுதான் மனிதக் குரல் வரும். அந்த வண்டுச் சத்தத்தைக் கேட்கக் கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகள் எங்கள் வேலியில் தொங்குவார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை காரைக்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடினான். புதிதாக வந்த ஜப்பான் துரை எங்கள் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தான். சிரம்பானிலிருந்து ஆட்களை வரவழைத்து, வெளியூர் நிலையம் எதுவும் எடுக்காதபடி உள்ளே எதையோ வெட்டி, மெழுகு முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு அதை ஆபீஸ் வராந்தாவில் வைத்து, தோட்டம் முழுவதும் கேட்கும்படி அவர்களுடைய ஒலிபரப்பைப் போடவேண்டும். ஆறு என்பது அவர்கள் ஊர்க் கடிகாரப்படி. நம் பழைய கணக்கில் நாலரை. போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை இவரிடம் அரைகுறை மலாயில் சொன்னான். "ரேடியோ மாத்தி, கெரானி பெர்கி சியாம்."

ரேடியோ செத்தால் கிராணி சயாமுக்கு. சயாமில் ரயில்பாதை போடப் போனவர்களின் கதை அதற்குள் நமக்கு அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. என் மனுஷனுக்கோ இழுப்பு. மழை தூறினாலே இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சு வாங்குகிறவர். சயாம் வரைக்கும் போவாரோ, வண்டியிலேயே முடிந்துவிடுவாரோ என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

பேட்டரியோ பழசு. ஒரு சனிக்கிழமைக்குத்தான் தாங்கும். முன்பெல்லாம் சிரம்பான் கடையில் சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவோம். இப்போது லாரியும் இல்லை, கடையும் இல்லை. தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஸ்டோரில் ஒரு இஞ்சினும் அதோடு சேர்ந்த டைனமோவும் இருந்தன. அவைதான் கதி. அவற்றை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் உன் புருஷன். அவரைத்தான் முதல் வண்டியிலேயே சயாமுக்கு ஏற்றியிருந்தார்களே.

இஞ்சினுக்கு ஆள் தேடி மண்டோர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலையில், பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நீ ஸ்டோருக்குள் போனாயாம். தினமும் சோறு கொண்டுபோன இடம், நின்று பார்த்த வேலை. அரைமணி நேரத்தில், ரப்பரைக் காய்ச்சி எடுத்த அந்த நாற்ற எண்ணெயிலேயே இஞ்சினை இருமவைத்து ஓடவும் விட்டாய். மண்டோர் பிளந்த வாயை மூட மறந்துபோனார் என்று லயமே சிரித்தது.

முதல் நாள் நான் உன்னிடம் பேசிய அழகை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. இரண்டு பேர் பேட்டரியைக் காவிக்கொண்டு வர, நான் பட்டுச்சீலையோடு பின்னால் வந்து, "கவனமாச் செய், விளங்குதோ? இதுக்கு ஒண்டு நடந்தால் உன்ர தலைதான்" என்றேன்.

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "அப்ப நீங்களே வந்து நில்லுங்க கிராணிம்மா. ஆனா அந்தப் பட்டுச் சீலையோட வேணாம். ஆசிட்டு தெறிச்சு ஓட்ட உழுந்துரும்."

எனக்குச் சொல்ல நீ யார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அடுத்த நாள் சீலையை நனைத்தபோது கொசவம் முழுக்கச் சல்லடை. துணிக்குச் சனம் பறந்த காலம் அது. சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் நீ ஒரு ரப்பர் ஷீட்டை வெட்டி, கழுத்துக்கும் இடுப்புக்கும் கயிறு வைத்து எனக்கு மாட்டிவிட்டாய். "இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கீங்க" என்று கேலி வேறு.

உன்னுடைய முறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்டோரின் கதவு, ஜன்னல், எல்லாவற்றையும் அகலத் திறந்து வைப்பாய். பேட்டரியின் மூன்று மூடிகளையும் கழற்றுவாய். உள்ளே தகடு தெரிந்தால், துணி கட்டிய பானையில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரைத் தகடு மூழ்கும் மட்டும் விடுவாய். ஒரு சொட்டும் அதிகமில்லை, கிணற்றுத் தண்ணீர் கிட்டவும் வரக்கூடாது. முதலில் கம்பி, பிறகு இஞ்சின். முடிந்ததும் முதலில் இஞ்சினை நிறுத்து, பிறகு கம்பியைக் கழற்று. மாற்றிச் செய்தால் பொறி பறக்கும். நடுவில் அடிக்கடி பேட்டரியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பாய். சுட்டால், "காய்ச்ச அடிக்குது, கொஞ்சம் படுக்கட்டும்" என்று நிறுத்திவிடுவாய்.

கூட்டல் குறி, கழித்தல் குறி உனக்குப் பிடிபடவில்லை. அதற்கு நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே, எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. கூட்டல் முனைக்கு ஒரு குங்குமப் பொட்டு, டைனமோவிலிருந்து வரும் அதன் கம்பிக்கும் ஒரு பொட்டு. "பொட்டுக்குப் பொட்டு, மொட்டைக்கு மொட்ட" என்று சொல்லிக்கொண்டே பூட்டுவாய். உன் நெற்றியிலும் அப்போது அதே குங்குமம்தான். புருஷன் வந்துவிடுவார் என்று வைத்துக்கொண்டிருந்தாய்.

எல்லாவற்றுக்கும் மேலே நெருப்பு. பேட்டரியில் குமிழி வரத் தொடங்கிவிட்டால், "மூச்சு விடுது" என்பாய். அது மூச்சு விடும்போது விளக்கு, சுருட்டு, தீக்குச்சி, எதுவும் உள்ளே வரக்கூடாது. அந்த மூச்சில் பொறி பட்டு உன் வீட்டுக்காரர் ஒருமுறை இரண்டு புருவத்தையும் பறிகொடுத்தவர். மண்டோர் ஒருநாள் சுருட்டோடு வாசல்படி மிதித்தார். "மண்டோரே, நெருப்ப வெளிய வச்சிட்டு வாங்க! மீசையோட போயிருவீங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் இஞ்சின் சத்தமே கேட்கவில்லை. மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தேன். முதலில் உன்னைக் காவல் பார்க்க வந்தேன். பிறகு உன்னோடு இருக்க வந்தேன். அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பங்குபோட்டுத் தின்றோம். நான் கவிழ்த்த வாளியில், நீ எண்ணெய்த் தகரத்தில். உன் புருஷனைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் நான் கிழங்கை அப்படியே கீழே வைத்துவிடுவேன். ஏனென்று நீ கேட்டதில்லை. சயாமுக்குப் போகவேண்டியவர்களை மண்டோர் பெரட்டில் வாசிப்பதற்கென்று தமிழில் எழுதிய அந்த முதல் பட்டியல், எங்கள் வீட்டு மேசையில், என் மனுஷனின் கையால் எழுதப்பட்டது. அதில் மூன்றாவது பெயர் உன் புருஷனுடையது. அவர் எழுதும்போது நான் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. அந்த வருடம் அது வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சிரம்பானிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. அதனால் காலையிலேயே இஞ்சினை ஓட்டிப் பேட்டரியை நிறைத்துவிட்டு, பூசைக்காக நிறுத்தினாய். பால்வெட்டுக் கத்திகளைக் கழுவி அடுக்கி, வாளிக்கும் இஞ்சினுக்கும் டைனமோவுக்கும் பொட்டு வைத்து, செம்பருத்தி சூட்டியிருந்தீர்கள். பொரி இல்லை, கடலை இல்லை. கிழங்குதான் படையல்.

என்னிடம் கற்பூரம் இருந்தது. போருக்கு முந்தி வாங்கியதில் கடைசி ஒரே ஒரு வில்லை. பிள்ளை பிறந்தால் காட்டலாமென்று டப்பாவில் மிளகோடு போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நீ தட்டைப் பார்த்ததுமே சொன்னாய். "இஞ்சினுக்குக் காட்டுங்க, கத்திக்குக் காட்டுங்க. பேட்டரிகிட்ட மட்டும் வேணாம். அதுக்குப் பொட்டே போதும்."

"இஞ்சின்தான் நிண்டுபோச்சே. இனி என்ன மூச்சு?"

"நின்னாலும் விடும் கிராணிம்மா. நாம ஓடிவந்து நின்னா மூச்சு வாங்காதா? கொஞ்சம் பொறுங்க."

கத்திக்கும் இஞ்சினுக்கும் காட்டினேன். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நீ படையல் கிழங்கைப் பங்குபோட அவர்களோடு வெளியே போனாய். தட்டில் கற்பூரம் இன்னும் பாதி எரிந்துகொண்டிருந்தது. என் கண் அந்தப் பேட்டரியின் மேல் போனது. அதை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, தூசி விழாமல் மூடியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. கத்தி எனக்கு என்ன செய்தது? இஞ்சின் என்ன செய்தது? வாராவாரம் என் தாலியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தக் கறுத்தப் பெட்டிதான். அதற்கு ஒரு நன்றி சொல்லாமல் போனால் சாமி பொறுக்காது என்று தோன்றியது. முட்டாள்தனம் என்றால் இதுதான், ஆனால் அன்றைக்கு அது பக்தியாகத்தான் இருந்தது. மரமூடியைத் தூக்கினேன், தட்டைச் சுற்றினேன். இரண்டாவது சுற்று முடியவில்லை.

டொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை. தட்டு எங்கோ போனது. முகத்தில் யாரோ வெந்நீர் வீசினதுபோல. பிறகு கண் இரண்டும் எரிந்த எரிச்சலை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் அலறிக்கொண்டு இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கப் போனேன்.

அப்போதுதான் உன் குரல் வந்தது. "அடியே! கசக்காத! கைய எடுடீ!"

என் கைகளைப் பிடித்து முதுகுப்பக்கம் முறுக்கினாய். இழுத்துக்கொண்டு ஓடி, பால் வாளி கழுவும் சிமெண்டுத் தொட்டிக்குள் என் தலையை அமுக்கினாய். "தொறடீ! தண்ணிக்குள்ள கண்ணத் தொற! தொறக்குறியா, அறையவா?" நான் திமிறினேன். மூச்சு முட்டிச் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். தூக்கி ஒரு மூச்சு விடவைப்பாய், மறுபடி அமுக்குவாய். இமையை உன் விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை வாரி வாரி அடித்தாய். எத்தனை நேரம் என்று தெரியாது. கடைசியில் தலையைத் தூக்கியபோது, எல்லாம் பாலாடை போட்டதுபோல் மங்கலாக, நடுவில் உன் முகம் தெரிந்தது. தெரிந்தது! உன் நெற்றிப் பொட்டு தெரிந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

உன் கையை நீ அதற்குப் பிறகுதான் பார்த்தாய். என்னைக் கட்டிப் பிடித்ததில் என் உடம்பிலிருந்த ஆசிட்டெல்லாம் உன் முழங்கை வரை வடிந்து கொப்பளித்திருந்தது. அதைத் தண்ணீரில் கழுவி, பிறகு சேலையில் பட்ட இடத்தையெல்லாம் அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரில் நனைத்தாய். "இன்னொரு சேலைக்கு நான் எங்க போவேன்" என்று முணுமுணுத்தாய். உன் சேலைக் கவலைதான் முதலில் காதில் விழுந்தது என்பதால் எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

இவர் ஆபீசிலிருந்து ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேட்டரியைப் பார்த்தார். நடு அறையின் மூடி சிதறி, உள்ளே இருந்ததில் பாதி வெளியே கிடந்தது. "நாளைக்கு..." என்று மட்டும் சொல்லிவிட்டு, இழுப்பு வந்து கீழே உட்கார்ந்துவிட்டார். நான் என் கையாலேயே அவரைச் சயாமுக்கு அனுப்பிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீதான் நிதானமாக நின்றாய். ஒரு முறத்தை எடுத்து பேட்டரிக்கு மேலே விசிறு விசிறென்று விசிறினாய், யாரையும் கிட்ட விடவில்லை. பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "பெட்டி ஒடையல. மண்டைதான் போயிருக்கு" என்றாய். பழைய துரை விட்டுப்போன காரில் ஒரு செத்த பேட்டரி கிடந்தது. "அது செத்தாலும் அதோட ரத்தம் இருக்கும்ல" என்று அதிலிருந்து ஆசிட்டைப் பீங்கான் கிண்ணத்தில் வடித்து நடு அறையில் நிரப்பினாய். போன மூடிக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் ஷீட்டில் வெட்டி, ஓட்டை போட்டு வைத்தாய். ஓரத்தை அடைக்கத் தாரை வெளியே, கொல்லைக் கோடியில் வைத்து உருக்கினாய். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தாரைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தாய். கொப்புளம் போட்ட கையால்தான் அத்தனையும். சனிக்கிழமை விடிந்ததும் இஞ்சினை ஓட்டினாய். கண்ணில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு நான் வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் நிற்காமல் இருக்க வேண்டுமென்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கற்பூரம் காட்டுவதாக மட்டும் ஒரு சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை.

மாலை. அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கூட்டம் குனிந்து நிமிர்ந்தது. இவர் கையை இரண்டுதரம் துடைத்துவிட்டுத் திருகியதை என் மங்கல் கண்ணாலேயே பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு வண்டு ரீங்கரித்தது. அதன் பிறகு குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் வந்தது. பேச்சு முடிந்து பாட்டு தொடங்கும்போது அதிகாரி எழுந்து காரில் ஏறினான். கார் வாசலைத் தாண்டிச் சாலையில் திரும்பிய பிறகு பாட்டு இழுத்து இழுத்து அடங்கிப்போனது. ஜப்பான் துரை திரும்பி இவரை ஒருதரம் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு தன் பங்களாவுக்குப் போய்விட்டான்.

அன்று பொழுது சாய்வதற்குள் உன் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னேன். இனி மறைக்க என்னால் முடியவில்லை. "அந்தப் பட்டியல்... உன்ர மனுசன்ர பேர்... எழுதினது இவர்தான்."

நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. "தெரியும் கிராணிம்மா. ஊருக்குக் கடுதாசி எழுதித் தர்ற ஐயா கையெழுத்து எனக்குத் தெரியாதா? படிக்கத்தான் தெரியாது. மண்டோரு கையில பாத்தப்பவே தெரியும்."

"பிறகேன் வாராவாரம் இதைச் செய்தனி? ஒருக்கால் விட்டிருந்தால் இவரும் போயிருப்பார்தானே?"

"ஐயா போனா எங்க ஊட்டுக்காரரு வந்துருவாரா?" என்றாய். கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இந்தத் தோட்டத்துல ஒரு வாசல்லயாவது ஆம்பளச் செருப்பு கெடக்கட்டும்லா" என்றாய். நான் உன் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். கிராணி பெண்டாட்டி லயத்துப் பெண் மடியில் படுத்திருக்கிறாள் என்று பார்த்தவர்கள் பேசினார்கள். பேசட்டுமே!

எழுந்திருக்கும்போது, "நேத்து கண் எரிஞ்ச நேரம் என்னை ஒருமாதிரிக் கூப்பிட்டாயே, அப்பிடியே கூப்பிடு இனி" என்றேன். நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். "ஐயய்யோ, அவசரத்துல வாயில வந்திருக்கும். மன்னிச்சிக்கிடுங்க கிராணிம்மா." அதற்குப் பிறகு எத்தனை வருடம் கேட்டிருப்பேன்? உன் கையில் அந்தத் தழும்பு போகவில்லை, என் கழுத்தில் ஆசிட் தெறித்த தழும்பும் போகவில்லை, உன் வாயிலிருந்து அந்தக் 'கிராணிம்மா'வும் போகவில்லை.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். கால் வீங்கி, கண் மஞ்சளித்து வந்த ஒருவர், உன் புருஷன் முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டார் என்று சொன்னார். நாம் ஸ்டோரில் கிழங்கு தின்றுகொண்டு அவர் வருவதைப் பற்றிப் பேசிய அத்தனை வெள்ளிக்கிழமையும் அவர் இல்லை. நீ அழுதாயா என்று எனக்குத் தெரியாது. நான் வந்தபோது உன் நெற்றி துடைத்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் பேட்டரியை அனுப்பவில்லை. அனுப்ப யாருக்கு மனம் வரும்? யார் இனி ரேடியோ போடு என்று மிரட்டப்போகிறார்கள்? ஆனால் நீயே வந்து வாசலில் நின்றாய். "சார்ஜ் இல்லாம சும்மா போட்டா செத்துரும் கிராணிம்மா, எடுத்துக் குடுங்க." கூடவே வந்தேன். எப்போதும்போல் மூடிகளைக் கழற்றினாய், தண்ணீர் பார்த்தாய். கூட்டல் முனையில் பொட்டு மங்கிப் போயிருந்தது. நீ குங்குமச் சிமிழைத் திறந்து, விரலால் தொட்டு, அதற்கு அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாய். விரலில் மிச்சமிருந்ததை ரப்பர் ஷீட்டில் துடைத்துக்கொண்டாய். "பொட்டுக்குப் பொட்டு" என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமல் கம்பியைப் பூட்டினாய். நான் வெளியே போய், அதே மாமரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

என் மனுஷன் அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருந்தார். இழுப்போடுதான், ஆனால் இருந்தார். மூன்று பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார். ரஹாங்கில் வீடு கட்டினார். நீ பகாவில், அந்தக் காலத்தில் லயத்தில் தவழ்ந்துகொண்டிருந்த உன் மகளோடு இருந்தாய். தீபாவளிக்குப் பஸ் ஏறி வருவாய். நீ படியேறினால் அவர் எழுந்து நிற்பார், பார்த்திருக்கிறாயே. வேறு யாருக்கும் அவர் அப்படி எழுந்ததில்லை. "உக்காருங்க ஐயா" என்று நீ மூன்றுதரம் சொன்ன பிறகுதான் உட்காருவார். நீ உள்ளே வரும்போது வாசலில் கிடக்கும் அவர் செருப்பைக் காலால் சேர்த்து ஒழுங்காக வைத்துவிட்டு வருவதை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஒருநாளும் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இன்றைக்கும் ஆயுத பூசைக்கு மகனுடைய காரின் முன்மூடியைத் திறக்கச்சொல்லி, பேட்டரியின் கூட்டல் முனைக்கு நான்தான் பொட்டு வைக்கிறேன். கற்பூரத்தை மட்டும் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில் கொளுத்தி அங்கிருந்தபடியே காட்டுவேன். "அப்பம்மான்ர சாமிக்குத் தூரப்பார்வை" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும், சிரிக்கிற முகத்தைப் பார்க்கத்தானே எனக்குக் கண்.

நேற்று நான் கத்தியது என்ன என்று சொல்லவில்லையே. "அடேய்! நெருப்ப வெளிய வச்சிட்டு வாடா! மீசையோட போயிருவ!" அந்த ஆளுக்கு மீசையே கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் மகன் காரை ஓட்டிக்கொண்டே கேட்டான். "அம்மா, நீங்கள் எங்க இருந்து இப்பிடிக் கதைக்கப் பழகினீங்கள்? அது உங்கட குரலே இல்லை."

உண்மைதான். அது என் குரல் இல்லை. அறுபது வருடம் எனக்குள்ளே கிடந்து, நெருப்பைக் கண்டதும் எழும்பி வந்த உன் குரல். ஒரே ஒருதரம் நீ என்னை உன்னில் ஒருத்தியாகக் கூப்பிட்ட குரல்.

இதைக் கண்ணாடி போடாமல்தான் எழுதியிருக்கிறேன். விளியும் இப்போது வந்துவிட்டது. முதலில் எழுதவேண்டியது, கடைசியில் வருகிறது.

அடியே, என் கண்ணு ரெண்டும் நல்லா இருக்குடீ.